பழைய லென்ஸ், புதிய பாடி: அப்பர்ச்சர் ரிங்கைப் பார்த்துப் பொருத்துவது எப்படி

புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் துணிக் குவியல்களுக்கும் செல்போன் சார்ஜர்களுக்கும் நடுவே எப்போதாவது மூடி தொலைந்த லென்ஸ் ஒன்று கண்ணில் படும். கடலூர் முதுநகரிலும் திருப்பாதிரிப்புலியூரிலும் பிலிம் காலத்தோடு கடையை மூடிய ஸ்டுடியோக்காரர்களின் அலமாரியிலும், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு ஊர் திரும்பிய சொல்தா குடும்பங்களின் டிரங்குப் பெட்டியிலும்கூடக் கிடைக்கலாம். கையில் எடுத்ததும் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "நம்ம கேமராவுக்குப் பொருந்துமா?"

இந்தப் பொருந்துமாவுக்குள் மூன்று கேள்வி இருக்கிறது. லென்ஸ் பாடியில் ஏறுமா, ஏறும்போது எதிலாவது இடிக்குமா? படம் விழும் நொடியில் அப்பர்ச்சர் இதழ்களை, அதாவது ஒளி நுழையும் துளையைச் சுருக்கி விரிக்கும் தகடுகளை, மூடப்போவது யார், பாடியா, உங்கள் விரலா? எந்த எண்ணில் மூடியது என்று பாடிக்குத் தெரியுமா? முதல் கேள்விக்கு ஆம் என்று வந்ததும் காசைக் கொடுத்துவிட்டு, மற்ற இரண்டிலும் வீட்டில் போய் மாட்டிக்கொள்பவர்கள்தான் அதிகம்.

ரிங் உண்மையில் என்ன செய்கிறது

அப்பர்ச்சர் எண் என்பது குவியத் தூரத்தைத் துளையின் விட்டத்தால் வகுத்து வருவது. 50 எம்எம் லென்ஸில் எஃப்/2 என்றால் துளை 25 மி.மீ. அதே லென்ஸில் எஃப்/16 என்றால் 3 மி.மீ.க்குச் சற்று அதிகம். 1.4, 2, 2.8, 4, 5.6, 8, 11, 16, 22 என்று ரிங்கில் ஒவ்வொரு எண் நகரும்போதும் ஒளி பாதியாகும், அந்த ஒரு படிக்கு ஸ்டாப் என்று பெயர்.

லென்ஸ் வழியே வரும் காட்சியை உள்ளே ஒரு கண்ணாடி (மிரர்) திருப்பிக் காட்டும் எஸ்எல்ஆர் கேமராவில் வ்யூஃபைண்டர் வெளிச்சமாக இருக்க வேண்டும் என்பதற்காக, பார்க்கும்போது லென்ஸ் முழுக்கத் திறந்தே இருக்கும். ஷட்டர் பட்டனை அழுத்திய பிறகுதான் மூடும். நிக்கானில் இது நடக்கும் விதத்தைப் புரிந்துகொண்டால் பாதிச் சந்தேகம் தீரும். கழற்றிய நிக்கான் லென்ஸின் பின்பக்கத்தில் ஒரு சிறு நெம்புகோல் இருக்கும். ரிங்கை 16-ல் வைத்தால் உள்ளே ஸ்பிரிங் இதழ்களை இழுத்து மூடியிருக்கும். பாடியில் ஏற்றியதும் பாடிக்குள் இருக்கும் நெம்புகோல் அதைத் தள்ளித் திறந்து பிடித்துக்கொள்ளும். படம் எடுக்கும் நொடியில் பிடியை விடும், இதழ்கள் ரிங்கில் வைத்த எண் வரை மூடி நிற்கும். ஆக, மூடும் வேலை ஸ்பிரிங்குடையது, எங்கே நிற்க வேண்டும் என்பதைச் சொல்வது ரிங். பாடி பிடித்திருக்கும், விடும், அவ்வளவுதான்.

ஆட்டோஃபோகஸ் காலத்து பாடிகள் நிற்கும் இடத்தையும் தாங்களே முடிவு செய்ய ஆரம்பித்தன. நெம்புகோலை முழுக்க விடாமல், தேவையான அளவுக்கு மட்டும் விடும். அதற்கு ரிங் குறுக்கே நிற்கக் கூடாது. ரிங் உள்ள ஆட்டோஃபோகஸ் லென்ஸ்களான ஏஎஃப்-டி வகையில் ரிங்கை 22-லோ 16-லோ வைத்துப் பூட்டச் சொல்வது இதனால்தான். பூட்டாமல் விட்டால் திரையில் எஃப்-ஈ-ஈ என்று மின்னும், ஷட்டர் அசையாது. லென்ஸ் கெட்டுப்போய்விட்டது என்று பலர் மெக்கானிக்கிடம் ஓடுவது இந்த மூன்று எழுத்தைப் பார்த்துத்தான். ரிங்கைக் கடைசி எண்ணுக்குத் திருப்பி, பக்கத்தில் இருக்கும் சிறு பூட்டைத் தள்ளினால் சரியாகிவிடும்.

வாங்கும் இடத்திலேயே பார்க்க வேண்டியவை

செல்போன் டார்ச் இருந்தால் போதும். ரிங்கை முழுக்கத் திறந்து, பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து முன்பக்கமாகச் சாய்வாகப் பாருங்கள். சிலந்தி நூல் மாதிரி கிளை விரித்திருந்தால் அது பூஞ்சை. நம் கடலோரத்தில் கண்ணாடி அலமாரியில் பல வருடம் மூடிக் கிடந்த லென்ஸ்களில் இது இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஓரத்தில் ஒன்றிரண்டு நூல் என்றால் படத்தில் தெரியாது, சுத்தம் செய்தும் எடுக்கலாம். கண்ணாடியின் பூச்சையே அரித்து, துடைத்தாலும் தடம் நிற்கிறது என்றால் எந்த விலைக்கும் வேண்டாம். தூசி பற்றிக் கவலையே வேண்டாம்.

அடுத்தது இதழ்கள். நிக்கான் லென்ஸ் என்றால் ரிங்கை 16-ல் வைத்து, பின்பக்க நெம்புகோலை நகத்தால் தள்ளித் திறந்து சட்டென்று விடுங்கள். இதழ்கள் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் 'டக்'கென்று மூட வேண்டும். மெதுவாக ஊர்ந்து மூடினாலோ, பாதியில் நின்றாலோ, இதழ்களில் எண்ணெய் படிந்திருக்கிறது. ஃபோகஸ் திருகில் இட்ட கிரீஸ் வெயிலில் இளகி, அதிலிருந்து பிரியும் எண்ணெய்தான் அங்கே போய்ச் சேரும். இதழ்களின் மேல் மினுமினுப்பாகப் பட்டை பட்டையாகத் தெரிந்தாலும் அதே வியாதி. இந்த லென்ஸை ரிங் கையில் இயங்கும், மிரர் இல்லாத மிரர்லெஸ் கேமராவில் பயன்படுத்தலாம், மெதுவாக மூடினால் அங்கே ஒன்றும் ஆகாது. எஸ்எல்ஆரில் போட்டால் இதழ் மூடுவதற்குள் ஷட்டர் திறந்துவிடும், படம் வெளுத்துவிடும்.

வீட்டுக்கு வந்த பிறகு உறுதி செய்ய ஒரு சோதனை. ஒரே வெளிச்சத்தில் இருக்கும் சுவரை எஃப்/2-ல் 1/1000, எஃப்/4-ல் 1/250, எஃப்/8-ல் 1/60, எஃப்/16-ல் 1/15 என நான்கு படம் எடுங்கள். நான்கும் ஏறத்தாழ ஒரே வெளிச்சத்தில் இருக்க வேண்டும். கடைசி இரண்டும் வெளுப்பாக வந்தால் இதழ் சொன்ன எண் வரை மூடவில்லை. பிலிம் பாடி என்றால் பிலிம் போடாமல் பின்கதவைத் திறந்து, ஷட்டரை 1 விநாடியில் வைத்து அழுத்தி உள்ளே பாருங்கள். எஃப்/16-ல் பொட்டுத் துளையும் எஃப்/2-ல் அகன்ற வட்டமும் தெரிந்தால் லென்ஸும் பாடியும் ஒழுங்காகப் பேசிக்கொள்கின்றன.

நிக்கான்: ஒரே மவுன்ட், ஆனால் கவனம் வேண்டும்

நிக்கான் எஃப் மவுன்ட், அதாவது பாடியில் லென்ஸ் உட்காரும் வாய், 1959-ல் வந்தது. அதே வடிவம் இன்று வரை இருக்கிறது என்பதால் எதையும் எதிலும் போடலாம் என்ற நம்பிக்கை பரவிவிட்டது. 1977-ல் ஏஐ என்ற முறை வந்ததும், ஒளியை அளக்கும் மீட்டரும் ரிங்கும் இணையும் விதம் மாறியது. அதற்கு முந்தைய லென்ஸ்களைப் பல டிஜிட்டல் பாடிகளில் திருகினால் பாடி உடையும்.

உடைவது எங்கே என்று பார்த்துவிடலாம். டி7000, டி610, டி750, டி850 மாதிரி பாடியில் லென்ஸைக் கழற்றி, மவுன்ட் வளையத்தின் வெளிவிளிம்பைப் பாருங்கள். வளையத்தை ஒட்டி நகரும் ஒரு சின்ன நாக்கு இருக்கும். விரலால் தள்ளினால் ஸ்பிரிங்கில் திரும்பி வரும். ஏஐ லென்ஸின் அப்பர்ச்சர் ரிங்கின் பின் விளிம்பு ஒரு பகுதியில் வெட்டித் தாழ்த்தப்பட்டிருக்கும். அந்த வெட்டின் முனை நாக்கைத் தள்ளிக்கொண்டு போவதால்தான் ரிங் எங்கே இருக்கிறது என்று பாடிக்குத் தெரிகிறது. ஏஐக்கு முந்தைய லென்ஸில் இந்த வெட்டு கிடையாது, பின் விளிம்பு சுற்றிலும் ஒரே உயரம். ஏற்றும்போது அது நேராக நாக்கின் மேல் உட்காரும். கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறதே என்று அழுத்தித் திருகினால் நாக்கு வளையும் அல்லது முறியும்.

அடையாளம் காண மூன்று இடம். ரிங்கில் எண்கள் ஒரே வரிசையில் மட்டும் இருந்தால் சந்தேகப்படுங்கள். ஏஐ லென்ஸில் பெரிய எண்களுக்குக் கீழே, மவுன்டை ஒட்டி, சின்ன எண்களில் இன்னொரு வரிசை இருக்கும். ரிங்கின் மேல் திருகியிருக்கும் முயல்காது மாதிரியான உலோகப் பிடி முழுத் தகடாக இருந்தால் பழசு, இரண்டு காதிலும் சிறு ஓட்டை இருந்தால் ஏஐ. கடைசியாக, பின் விளிம்பில் வெட்டு. முதல் இரண்டையும்விட இதைத்தான் நம்ப வேண்டும், ஏனென்றால் பழைய லென்ஸின் ரிங்கை அரம் போட்டு ஏஐ ஆக மாற்றி வைத்திருப்பார்கள், எண் வரிசை பழையதாகவே இருக்கும். அப்படி மாற்றிய லென்ஸ் தாராளமாக ஏறும். கடைசி எண் இரண்டு வரிசையிலும் ஆரஞ்சு நிறத்தில் இருந்தால் அது ஏஐ-எஸ்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. விலை குறைந்த டி3000, டி5000 வரிசை பாடிகளில் அந்த நாக்கே இல்லை. அதனால் மேல்நிலை பாடியை உடைக்கும் பழைய லென்ஸ் இவற்றில் நடைமுறையில் சிக்கலின்றி ஏறிவிடும். பின்கண்ணாடி பாடிக்குள் நீண்டு வரும் சில பழைய மீன்கண் மற்றும் அகலக்கோண லென்ஸ்களை மட்டும் எந்த டிஜிட்டல் எஸ்எல்ஆரிலும் போடக் கூடாது. நிக்கான் டிஎஃப் பாடியில் நாக்கை மடக்கி வைக்கலாம். பிலிம் பாடிகளில் எஃப்எம், எஃப்ஈ இரண்டிலும் மடக்கலாம், பின்னால் வந்த எஃப்எம்2-விலும் எஃப்எம்10-லும் முடியாது.

இனி ஏஐ, ஏஐ-எஸ் லென்ஸை டிஜிட்டலில் போடும் முறை. நாக்கு உள்ள பாடி என்றால் மெனுவில் சிபியு (பாடியோடு பேசும் சிப்) இல்லாத லென்ஸ் தகவல் என்ற பகுதிக்குப் போய், வரிசை எண் ஒன்றைத் தேர்ந்து, குவியத் தூரத்தையும் மிகப் பெரிய அப்பர்ச்சரையும் பதியுங்கள். 50 எம்எம், எஃப்/1.8 என்பது போல. டி7000, டி700 பாடிகளில் ஒன்பது லென்ஸ் வரை பதியலாம். பிறகு ஏ மோடிலும் (ஷட்டர் வேகத்தை பாடியே வைக்கும்) எம் மோடிலும் (இரண்டையும் நீங்களே வைப்பது) மீட்டர் வேலை செய்யும், அப்பர்ச்சரை லென்ஸின் ரிங்கில்தான் மாற்ற வேண்டும், திரையில் எண் சரியாகத் தெரியும். லென்ஸை மாற்றும்போது மெனுவில் வரிசை எண்ணையும் மாற்ற மறந்தால் தவறான எண் காட்டும். இந்த ஒரு மறதியில்தான் முக்கால்வாசிக் குழப்பம் வருகிறது.

டி7500-ல் இந்த நாக்கை எடுத்துவிட்டார்கள். டி90, டி80, டி3000, டி5000 வரிசைகளிலும் ஏஐ லென்ஸுக்கு மீட்டர் கிடையாது. எம் மோடைத் தவிர வேறு எதிலும் ஷட்டர் அழுந்தாது. எம் மோடில் ரிங்கில் எஃப் எண், பாடியில் ஷட்டர் வேகம், அவ்வளவே. படம் எடுக்கும் நொடியில் இதழ் வழக்கம்போல் மூடும், வ்யூஃபைண்டரும் வெளிச்சமாகவே இருக்கும். சரியான ஒளி அளவுக்கு வெயில்-16 விதி போதும்: நல்ல வெயிலில் எஃப்/16, ஷட்டர் வேகம் ஐஎஸ்ஓ எண்ணின் தலைகீழ். ஐஎஸ்ஓ 100 என்றால் 1/125. தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் நடுப்பகல் மணலில் 1/250 ஆக்குங்கள், மணலும் தண்ணீரும் ஒளியைத் திருப்பி அடிக்கும். மாலையில் புதுச்சேரி கடற்கரைச் சாலை கட்டடங்களின் நிழலுக்குள் வந்ததும் எஃப்/5.6-க்குத் திறங்கள். ஒரு படம் எடுத்து, படத்தில் வெளிச்சம் பரவியிருப்பதைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தைப் பார்த்தால் மிச்சத்தைச் சரிசெய்துகொள்ளலாம். வெள்ளை நகரத்தின் வெள்ளை, மஞ்சள் சுவர்களில் மீட்டர் உள்ள கேமராக்கள் இருட்டாக எடுத்துத் தள்ளும்போது, மீட்டரே இல்லாமல் இந்த விதியில் எடுப்பவருக்கு அந்தத் தொல்லை இல்லை.

எதிர்த் திசை: புதிய லென்ஸ், பிலிம் பாடி

கல்லூரி நாட்களில் வாங்கிய எஃப்எம்10-ஐ மறுபடி எடுத்து, வீட்டில் இருக்கும் 50 எம்எம் எஃப்/1.8ஜி லென்ஸைப் போட்டுப் பார்ப்பவர்கள் இப்போது நிறையப் பேர். லென்ஸ் அழகாக ஏறும், வ்யூஃபைண்டர் பளிச்சென்று இருக்கும், கழுவிய பிலிம் மட்டும் வெறிச்சென்று வரும். காரணம் மேலே சொன்ன ஸ்பிரிங்தான். ஜி லென்ஸில் ரிங் இல்லை, எஃப்எம்10-க்கு நெம்புகோலைப் பாதி விடத் தெரியாது, முழுக்க விடும். தடுக்க ஆளில்லாத இதழ்கள் கடைசி வரை, எஃப்/16 வரை மூடும். எஃப்/1.8-க்கும் எஃப்/16-க்கும் ஆறு ஸ்டாப்புக்கு மேல் வித்தியாசம். மீட்டருக்கு இந்தச் சங்கதியே தெரியாது.

வேறு லென்ஸ் இல்லையென்றால் இதையே சாதகமாக்கலாம். அந்த லென்ஸ் எப்போதும் எஃப்/16-ல்தான் எடுக்கும் என்று தெரிந்துவிட்ட பிறகு, வெயிலில் ஐஎஸ்ஓ 200 பிலிமுக்கு 1/250 வைத்து, பாடியின் மீட்டரைப் பார்க்காமல் எடுங்கள், சரியாக வரும். வெயில் போனால் கேமராவை உறைக்குள் வைத்துவிட வேண்டியதுதான்.

எஃப்5, எஃப்100, எஃப்80, எஃப்75, எஃப்65 மாதிரி கட்டளைச் சக்கரத்தில் அப்பர்ச்சர் வைக்கும் பிலிம் பாடிகளில் ஜி லென்ஸ் முழுதாக வேலை செய்யும். பெயரில் எண்ணை ஒட்டி ஈ என்று முடியும் லென்ஸ்கள் வேறு கதை. அவற்றில் நெம்புகோலே இல்லை, இதழை மின்சாரம் மூடுகிறது. எந்த நிக்கான் பிலிம் பாடியிலும், எஃப்6 உட்பட, அவை முழுக்கத் திறந்த நிலையிலேயே நிற்கும். ஏஎஃப்-பி லென்ஸ்களை வாங்கவே வேண்டாம், பழைய பாடியில் ஃபோகஸைக்கூடத் திருப்ப முடியாது. டிஎக்ஸ் லென்ஸ்கள் சின்ன சென்ஸருக்கானவை, பிலிம் சட்டத்தின் நான்கு மூலையும் கறுத்துப்போகும்.

பிலிமுக்கும் டிஜிட்டலுக்கும் ஒரே ஒரு நிக்கான் லென்ஸ் வாங்கப் போகிறீர்கள் என்றால் ஏஎஃப் 50 எம்எம் எஃப்/1.8டி. ரிங் இருப்பதால் எஃப்எம்10-ல் இயங்கும், சிபியு இருப்பதால் எந்த டிஜிட்டல் பாடியிலும் மீட்டர் கிடைக்கும். டி3000, டி5000 வரிசையிலும் எஃப்டிஇசட் அடாப்டர் போட்ட இசட் (நிக்கான் மிரர்லெஸ்) பாடியிலும் ஆட்டோஃபோகஸ் வராது. லென்ஸைச் சுழற்றும் மோட்டார் அங்கே இல்லை.

கேனன்

கேனனில் கோடு தெளிவு. 1987-க்கு முந்தைய எஃப்டி லென்ஸில் ரிங் உண்டு, அதற்குப் பின் வந்த ஈஎஃப் லென்ஸில் ரிங்கே கிடையாது. ஈஎஃப் லென்ஸை எந்த இஓஎஸ் பிலிம் பாடியிலும் போடலாம், முதல் நாளிலிருந்தே இதழைப் பாடி மின்சாரத்தில் கட்டுப்படுத்துவதால் நிக்கான் தலைவலி இங்கே இல்லை. வெள்ளைச் சதுரக் குறி இட்ட ஈஎஃப்-எஸ் லென்ஸ்கள் பிலிம் பாடியில் ஏறாது, ஏற்ற முயலவும் கூடாது. பின்பக்கம் உள்ளே நீண்டிருக்கும், மிரரில் இடிக்கும். பிலிம் காலத்து சிக்மா லென்ஸ்களை இஓஎஸ் டிஜிட்டலில் போட்டால் முழுக்கத் திறந்து எடுக்கும்போது மட்டும் வேலை செய்து, ஒரு ஸ்டாப் மூடினாலும் எர்ரர் காட்டி நிற்பது பரவலாகத் தெரிந்த விஷயம். வாங்கும் முன் எஃப்/8-ல் ஒரு படம் எடுத்துப் பாருங்கள்.

எஃப்டி லென்ஸை இஓஎஸ் டிஎஸ்எல்ஆரில் போட முடியாது என்று சொல்வதற்குக் காரணம் மவுன்ட் வடிவம் அல்ல, தூரம். அதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

மவுன்டிலிருந்து பிலிம் வரை உள்ள தூரம்

ஒவ்வொரு கேமராக் குடும்பமும் லென்ஸ் உட்காரும் இடத்துக்கும் பிலிம் அல்லது சென்ஸருக்கும் இடையே ஒரு தூரத்தை நிர்ணயித்திருக்கிறது. நிக்கான் எஃப் 46.5 மி.மீ., ஒலிம்பஸ் ஓஎம் 46, கான்டாக்ஸ்/யாஷிகா 45.5, பென்டாக்ஸ் கே-யும் எம்42 திருகு மவுன்டும் 45.46, கேனன் ஈஎஃப் 44, மினோல்டா எம்டி 43.5, கேனன் எஃப்டி 42. மிரர்லெஸ்களில் கேனன் ஆர்எஃப் 20, சோனி ஈ 18, ஃப்யூஜி எக்ஸ் 17.7, நிக்கான் இசட் 16.

லென்ஸின் எண் பாடியின் எண்ணைவிடப் பெரிதாக இருந்தால் இடைவெளியை வெறும் உலோக வளையத்தால் நிரப்பலாம். எஃப்டி லென்ஸை சோனியில் போட 24 மி.மீ. நீள வளையம், நிக்கான் லென்ஸை சோனியில் போட 28.5 மி.மீ. வளையம். லென்ஸின் எண் சிறிதாக இருந்தால் லென்ஸ் இருக்க வேண்டிய இடத்தைவிட முன்னால் நிற்கும், தூரத்தில் இருப்பது எதுவும் தெளியாது. 50 எம்எம் எஃப்டி லென்ஸை நிக்கான் டிஎஸ்எல்ஆரில் கண்ணாடி இல்லாத வளையத்தில் போட்டால் 4.5 மி.மீ. தள்ளி நிற்கும். ஃபோகஸை முடிவிலியில் வைத்தாலும் அரை மீட்டர் சொச்சத்தில் இருப்பதுதான் தெளியும். எம்42-வை நிக்கானில் போட்டால் வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர்தான், ஆனால் அதுவே இரண்டரை மீட்டருக்கு அப்பால் எதையும் தெளியவிடாது. வளையத்தின் கனத்தைச் சேர்த்தால் அதுவும் கிடைக்காது. பூவையும் பூச்சியையும் மட்டும் எடுப்பவர்களுக்கு இது போதும். இடையில் திருத்தும் கண்ணாடி வைத்த அடாப்டர்கள் தூரத்தைச் சரிசெய்யும், கூர்மையைக் கெடுக்கும். அந்தக் காசுக்கு வேறு லென்ஸ் வாங்கலாம்.

கேனன் ஈஎஃப் டிஎஸ்எல்ஆர் 44 மி.மீ. என்பதால் நிக்கான், பென்டாக்ஸ், எம்42, யாஷிகா, ஒலிம்பஸ் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளும். ஏவி மோடில் (கேனனில் ஏ மோடின் பெயர்) வைத்து ரிங்கை மூட மூட மீட்டர் தானே ஷட்டர் வேகத்தைக் குறைக்கும், திரையில் அப்பர்ச்சர் 00 என்று காட்டும். 5டி போன்ற முழுச்சட்ட (பிலிம் அளவு சென்ஸர் உள்ள) பாடிகளில் மிரர் பெரிது. சில பழைய லென்ஸ்கள் முடிவிலிக்கு வரும்போது பின்பகுதி மிரரில் தட்டும். முதல் தடவை ஃபோகஸை அருகில் வைத்து, படிப்படியாக முடிவிலிக்குக் கொண்டுபோங்கள்.

மிரர்லெஸ்ஸில் அமைக்கும் முறை

பழைய லென்ஸுக்கு மிரர்லெஸ்தான் நல்ல வீடு. ஏறுவதும் இடிப்பதும் இங்கே பெரும்பாலும் பிரச்சினை இல்லை. உள்ளே மடங்கும் பழைய ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸ்களை மட்டும் பாடியில் வைத்து மடக்காதீர்கள், ஷட்டர் இதழில் போய் இடிக்கலாம்.

முதலில் லென்ஸை அடாப்டரில் ஏற்றி, பிறகு இரண்டையும் சேர்த்து பாடியில் ஏற்றுங்கள். சோனி, ஃப்யூஜி, கேனன் பாடிகளில் லென்ஸ் இல்லாமல் ஷட்டரை இயக்க அனுமதி என்ற மெனுவை ஆன் செய்யாவிட்டால் பட்டன் அழுந்தாது. பாடிக்குள் நடுக்கம் தடுக்கும் வசதி இருந்தால் குவியத் தூரத்தைக் கையால் பதிய வேண்டும். லென்ஸில் அச்சிட்ட எண்ணைத்தான் பதிய வேண்டும், சின்ன சென்ஸர் என்பதற்காக 1.5-ஆல் பெருக்கக் கூடாது. தவறாகப் பதிந்தால் சென்ஸர் தேவையைவிட அதிகமாக ஆடி, நடுக்கத்தைக் கூட்டும்.

அப்பர்ச்சரில் குடும்பத்துக்கு ஒரு வழக்கம். எஃப்டி அடாப்டரில் ஒரு வளையம் உண்டு, அது திறந்த நிலையில் இருந்தால் ரிங்கைத் திருப்பினாலும் இதழ் அசையாது. ரிங்கில் ஏ என்ற இடத்திலும் நிறுத்தக் கூடாது. எம்42 லென்ஸின் பின்னால் ஒரு ஊசி துருத்தியிருக்கும், அதை அழுத்திப் பிடிக்கும் விளிம்பு உள்ள அடாப்டர் வேண்டும். ஹீலியோஸ் 44-2 போன்ற பிரிசெட் லென்ஸில் ஊசி கிடையாது, இரண்டு ரிங் இருக்கும்: ஒன்று எண்ணைக் குறிக்க, இன்னொன்று திறந்து மூட. ஜி லென்ஸுக்கு என்று வரும் அடாப்டரில் எண் இல்லாத ஒரு ரிங் இருக்கும், அது நெம்புகோலைத் தள்ளும். எந்த எஃப் எண் என்பதை ஷட்டர் வேகம் மாறுவதை வைத்துக் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும்.

பென்டாக்ஸ் டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர்களுக்குப் பழைய பென்டாக்ஸ் கே லென்ஸைப் போட அடாப்டரே வேண்டாம். ஏ நிலை இல்லாத பழைய லென்ஸ் என்றால் அப்பர்ச்சர் ரிங் பயன்பாட்டை மெனுவில் அனுமதித்து, எம் மோடில் பச்சைப் பட்டனை அழுத்தினால் பாடி ஒரு நொடி இதழை மூடி அளந்து ஷட்டர் வேகத்தைத் தானே வைக்கும். சில ரிக்கோ லென்ஸ்களில் கூடுதலாக ஒரு ஊசி இருக்கும். அது பென்டாக்ஸ் பாடியின் ஆட்டோஃபோகஸ் துளையில் விழுந்து சிக்கிக்கொள்ளும், அப்புறம் லென்ஸைக் கழற்றுவது பெரும்பாடு.

ஃபோகஸ் செய்யும்போது ரிங்கை முழுக்கத் திறந்து, திரையைப் பெரிதாக்கித் தெளிவு பாருங்கள். பிறகு கண்ணை எடுக்காமல் கிளிக் எண்ணி மூடுங்கள். எஃப்/8-ல் வைத்துக்கொண்டே ஃபோகஸ் செய்தால் எல்லாமே தெளிவாக இருப்பது போலத் தோன்றும், வீட்டில் பெரிதாக்கிப் பார்க்கும்போதுதான் தப்பியது தெரியும்.

அடாப்டரின் நீளத்தைச் சோதிக்க நிலவோ, ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் கோபுர விளக்கோ போதும். இரவில் கடலில் தெரியும் படகு விளக்கைக் குறி வைக்காதீர்கள், அது ஆடிக்கொண்டே இருக்கும். லென்ஸை முழுக்கத் திறந்து ஃபோகஸ் ரிங்கை முடிவிலிக்குத் திருப்புங்கள். குறிக்குச் சற்று முன்பே விளக்கு புள்ளியாகிவிட்டால் அடாப்டர் கொஞ்சம் குட்டை, பெரும்பாலான அடாப்டர்களை அப்படித்தான் செய்கிறார்கள், தொந்தரவு இல்லை. ரிங் முட்டிய பிறகும் விளக்கு உருண்டையாகவே இருந்தால் அடாப்டர் நீளம். 0.1 மி.மீ. கூடினால்கூட 50 எம்எம் லென்ஸ் 25 மீட்டரைத் தாண்டித் தெளியாது, 28 எம்எம் லென்ஸ் எட்டு மீட்டரோடு நின்றுவிடும். குட்டையான அடாப்டரைப் பிரித்து உள்ளே மெல்லிய உலோகத் தாள் வெட்டி வைத்து நீட்டலாம், நீளமானதைக் குறைக்க வழி இல்லை. திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

சூரியன் கடலிலிருந்து எழும் ஊர் நம்முடையது. பழைய லென்ஸ்களின் பூச்சு இந்த நேர் ஒளியைத் தாங்காது, சென்ஸரில் பட்டுத் திரும்பும் ஒளியும் சேர்ந்து நடுவில் வெளிர்ந்த வட்டம் விழும். ரப்பர் ஹூட் ஒன்று கட்டாயம். கடற்கரையில் லென்ஸ் மாற்றாதீர்கள். தேங்காய்த்திட்டு துறைமுகத்திலோ முதுநகரிலோ எடுத்துவிட்டு வந்தால், லேசாக ஈரப்படுத்திப் பிழிந்த துணியால் உலோகப் பகுதிகளைத் துடைத்து, காய்ந்த துணியால் மறுபடி துடைத்த பிறகே மூடி போட வேண்டும். உப்பு முதலில் பிடிப்பது அப்பர்ச்சர் ரிங்கின் ஓரத்தையும் மவுன்ட் திருகுகளையும்தான். வைப்பதற்குத் தோல் உறை வேண்டாம், பூஞ்சை அதில்தான் பிறக்கும். ரப்பர் விளிம்புள்ள பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு சின்ன ஈரமானி ஒன்றையும் போட்டு, 40-லிருந்து 50 சதவீதத்துக்குள் நிறுத்துங்கள். ஜெல் நிறம் மாறியதும் வாணலியில் மிதமான சூட்டில் வறுத்து, ஆறிய பிறகு திரும்பப் போடலாம். ஐப்பசி, கார்த்திகையில் அடிக்கடி வறுக்க வேண்டியிருக்கும்.